சைக்கிளுக்குப் பத்தியம் சொன்ன மிஸி

எழுபதுகளில் வேலணையில் நடமாடிய இளவட்டங்களில் பாதிப் பேரையும், ஓடித் திரிந்த சைக்கிள்களில் முக்கால்வாசியையும், ஒரு தடவையாவது தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் மிஸி. பெயர் என்னவென்று கேட்காதீர்கள். அரசாங்க மருத்துவிச்சியை எங்கள் பக்கத்தில் மிஸி என்போம். அதற்கு முன் அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடத் துணிவுள்ள எவரையும் நான் சந்தித்ததில்லை.

உத்தியோக காலம் முழுவதும் சைக்கிளில் போய்ப் பிள்ளை எடுத்தவர் அவர். சுருவிலுக்குப் போகிற வழியில் காற்றுப் போனால் கூப்பிட ஆளில்லை. ஒரு முனையில் பிள்ளைத்தாய்ச்சி கத்திக்கொண்டிருக்க, இன்னொரு முனையில் ரியூப் சீறிக்கொண்டிருக்க, இரண்டையும் ஒரே பையில் இருந்த சாமான்களால் சமாளிக்கப் பழகினார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்ட ஒருவரிடம், "கட்டினவை என்ன சொல்லிக் கத்துகினம் எண்டு அறைக்குள்ள நிண்டு கேட்டனான்" என்றாராம்.

இளைப்பாறியதும் வீட்டில் இருந்து பார்த்தார். சில நாட்கள்தான். எதிர்ச் சுவரில் எத்தனை வெடிப்பு, எந்த வெடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் மனப்பாடமானபின், நேரே எங்கள் வாசிகசாலைக்கு வந்து, பின்பக்கத்துக் கிடுகுக் கொட்டிலைத் தரும்படி கேட்டார். அது வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் வராத காலம். ரயர், ரியூப், செயின் எதுவும் கடையில் இல்லை. சைக்கிள் வைத்திருந்தவர்கள் அதை ஒரு பசுமாட்டைப்போல் கையில் பிடித்து நடத்திக்கொண்டு திரிந்தார்கள். ஆகவே கொட்டில் கிடைத்தது. பழைய சைக்கிள்களிலிருந்து கழற்றிய உறுப்புகள், இலவசத் திருத்தம், தொண்டர்களின் உழைப்பு. தொண்டர் என்பது உத்தியோகம் கிடைக்காதவனுக்கு அந்த நாளில் இருந்த மரியாதையான பெயர். நான் மிக மரியாதையாக இருந்தேன்.

முதல் நாள் எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார். நான் ஒன்பதுக்குப் போனேன். மிஸி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்ர கொம்மா ரெண்டு நாள் கிடந்து உத்தரிச்சவ. நீ பிறக்கேக்கையே பிந்தித்தான் வந்தனீ."

ஊரில் எவருடைய குணத்துக்கும் மிஸியிடம் இப்படி ஒரு விளக்கம் இருந்தது. பிறேக் பிடிக்காமல் வந்து வாசிகசாலை மதிலில் மோதியவனைப் பார்த்து, "உவன் அண்டைக்கும் இப்பிடித்தான், ஏந்த நேரம் தரேல்லை" என்றார். பிடிவாதக்காரர்கள் எல்லாரும் அவருடைய கணக்கில் கால் முன்னுக்கு வந்தவர்கள். வாசிகசாலைச் செயற்குழுவில் அப்படி ஆறு பேர் இருந்தார்கள்.

கொட்டிலை அவர் பிரசவ அறையாகவே நடத்தினார். சைக்கிளின் சொந்தக்காரர் உள்ளே வரக்கூடாது. "தகப்பன்மார் வெளியில" என்று ஒரு குரல். வெளியே பூவரச மரத்தடியில் உட்கார ஒரே ஒரு மர வாங்கு. அதில் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே சைக்கிள் தலைகீழாகக் கிடக்கும். வால்வுக்குள் போடுகிற மெல்லிய ரப்பர்க் குழாய் ஊரில் எங்கும் இல்லாதபோது, மிஸியின் பையிலிருந்து ஒரு எனிமாக் குழாய் வந்தது. அது என்ன குழாய் என்று சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை. கையுறைகள் பஞ்சருக்கு ஒட்டுத் துண்டுகளாயின. எல்லாவற்றிலும் விசேஷம் அந்த மரக்குழல். வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்புக் கேட்கிற, ஊமத்தம்பூப்போன்ற சின்னக் குழல். அதை அச்சின்மேல் வைத்து, மறுமுனையில் காதை வைத்து, சில்லைச் சுற்றவிட்டுக் கண்ணை மூடுவார். அச்சுக்குள் எந்த இரும்புக் குண்டு உடைந்திருக்கிறது என்று சொல்லுவார். கழற்றிப் பார்த்தால் அதேதான்.

அவர் எங்களுக்கு இடுகிற முதல் கட்டளை எப்போதும் ஒன்றுதான். "கொதிதண்ணி வை." நான் அடுப்பு மூட்டி, புகையில் அழுது, தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவருவேன். அது ஒரு மூலையில் இருந்து ஆறும். மாலையில் ஊற்றிவிடுவோம். சில வாரங்கள் பொறுத்திருந்து, சைக்கிளுக்குக் கொதிதண்ணீர் எதற்கு என்று கேட்டேன்.

"சைக்கிளுக்கு என்னத்துக்கு? ஆம்பிளையள் கையில ஒரு வேலையோட தூர நிண்டால் எங்களுக்குக் கரைச்சல் இல்லை."

திருத்தம் முடிந்ததும் சைக்கிளை வாசலில் நின்று கையளிப்பார். கையளிக்கும்போது பத்தியமும் சொல்லுவார். இவருக்குப் பாரம் ஏற்றக்கூடாது, அவரை வெயிலில் விடக்கூடாது, இன்னொருவரை ஒரு கிழமைக்கு மணலில் இறக்கவே கூடாது. பத்தியம் முறித்து மறுபடி வருகிறவர்களுக்கு அவர் திருத்தமும் செய்வார், பேச்சும் கொடுப்பார். இரண்டாவதுக்குத்தான் நேரம் அதிகம் எடுக்கும்.

இப்படியிருக்கும்போது கொழும்பில் கடை வைத்திருந்த புங்குடுதீவு முதலாளி ஒருவர், பழைய சைக்கிள் உறுப்புகள் ஒரு பெட்டி அனுப்பிவைத்தார். அதற்குள், எண்ணெய்க் கடதாசி கூடப் பிரிக்காமல், ஒரு புத்தம்புது பிறீவீல். பின்சில்லில் செயின் ஓடுகிற பற்சக்கரம்தான். மிதித்தால் சில்லைப் பிடிக்கும், மிதிப்பதை நிறுத்தினால் விட்டுவிடும்; காலும் பெடலும் ஆறியிருக்க, சில்லு தன் பாட்டில் ஓடும். புதுச் சாமான் என்பதையே எல்லாரும் மறந்திருந்த காலத்தில், ஊர் முழுவதுக்கும் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலையிலேயே அதற்கு இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவர் சூசை அண்ணை. ஊர்காவற்றுறைக் கடற்கரையில் மீன் எடுத்து, கரியரில் பெட்டி கட்டி, வேலணை தாண்டிப் புங்குடுதீவு மடத்துவெளிவரை போய் விற்கிறவர். "மிதிச்சால் கால் மட்டும்தான் போகுது மிஸி. சில்லு வரமாட்டன் எண்டு நிக்குது" என்றார். ஒரு கிழமையாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறாராம். வெயில் ஏறிவிடுகிறது, மீன் கண் வெளுத்துவிடுகிறது, வழமையாக வாங்குகிற பெண்கள் வேறொருவரிடம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு கிழமை போனால் மடத்துவெளியில் தன்னை ஒருவருக்கும் ஞாபகம் இராது என்றார்.

மற்றவர் எங்கள் வாசிகசாலைத் தலைவர். கொட்டில் நின்ற காணி அவருடையது. நாஷனல் சட்டையும் வேட்டியும் சால்வையுமாகத் தலைவர் சைக்கிளில் வருவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருடைய கௌரவம் மிதிப்பதில் இல்லை, மிதிக்காமல் இருப்பதில் இருந்தது. கொஞ்சம் மிதிப்பார். பிறகு கால்களை அசைக்காமல், சில்லு கிர்ரென்று பாட, சுவாமி வாகனத்தில் வருவதுபோல் மிதந்து வருவார். பிறேக் கட்டைகள் எப்போதோ தேய்ந்து போயின. அவருக்கு அவை தேவைப்பட்டதும் இல்லை, எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். இப்போது அவருடைய பிறீவீலும் இடைக்கிடை வழுக்கத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை மடத்துவெளியில் விளையாட்டுப் போட்டிக்கு அவர்தான் பிரதம விருந்தினர்.

"காணி என்ர எண்டதை நான் சொல்லிக்காட்ட விரும்பேல்லை, மிஸி" என்றார் தலைவர்.

"சொல்லிப்போட்டியள்" என்றார் மிஸி. "தகப்பன்மார் வெளியில."

சூசை அண்ணை வாங்கின் ஒரு நுனியில் இருந்தார். தலைவர் இருக்கவில்லை. அந்த வாங்கில் அவருடன் சேர்ந்து இருக்கிற வழக்கம் தலைவருடைய வீட்டாருக்கு இல்லை. பூவரசில் இலைகளைப் பரிசோதிக்கிறவர்போல் நின்றுகொண்டார்.

உள்ளே மிஸி இரண்டு சைக்கிளுக்கும் குழல் வைத்துக் கேட்டார்.

"தலைவற்றதுக்கு வெறும் நோவு. சூசையின்ரக்கு உயிராபத்து. ஆரை முதல் பாக்கிறது?"

"மிஸி, கொட்டிலைப் பூட்டிப்போடுவார்" என்றேன் நான்.

"பூட்டட்டும். வீட்டில சுவர் இருக்கு. பாத்துக்கொண்டிருப்பம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் குழலைப் பைக்குள் வைக்கப் போனவர், பை எங்கே என்று தெரியாமல் சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் புது பிறீவீலை எடுத்துச் சூசை அண்ணையின் சில்லில் தம் கையாலேயே பூட்டினார்.

தலைவருக்கு விஷயம் சொல்லப்பட்டது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவது அவருக்கு மிதிப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூட்டுடன் வருவேன், அதற்குள் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் தன்னுடைய சைக்கிள் மடத்துவெளிக்குப் போய்வரவேண்டும் என்றார். மிஸி ஓம் என்றார். என்னை இரும்பு ஒட்டுகிற வேலைக்காரரிடம் அனுப்பி, தலைவருடைய பழைய பிறீவீலைச் சில்லோடு சேர்த்து அசையாமல் ஒட்டிக்கொண்டுவரச் செய்தார். இனி வழுக்காது. ஆனால் இனி விடவும் மாட்டாது. சில்லு சுற்றினால் பெடலும் சுற்றும்.

சனிக்கிழமை காலை, வாசலில் கையளித்தார்.

"ஒரே ஒரு பத்தியம். சில்லு சுத்துமட்டும் காலும் சுத்தவேணும். கால் ஆற ஏலாது. காத்து பின்னாலை அடிக்கேக்கை கவனம்."

"எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் ஏறினார்.

அவர் வளைவில் மறைந்ததும் மிஸி என்னைத் தட்டினார். "பின்னாலை போ. பத்தியம் முறிக்கிற முகம் அது."

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. சோழகக் காற்று எதிரே. புங்குடுதீவுக்குக் கடலை ஊடறுத்துப் போகிற தாம்போதியில் சோழகத்துக்கு எதிரே போகிறவன், மிதிப்பதை நிறுத்துவதைப்பற்றிக் கனவுகூடக் காணமுடியாது. தலைவர் போய்ச் சேர்ந்தார், பரிசுகள் கொடுத்தார், ஒழுக்கம் என்பதுபற்றி நீளமாகப் பேசினார். திரும்பும்போது காற்று முதுகில். இரண்டு பக்கமும் கடல், நேரான தெரு, வயிற்றில் வடையும் பால்தேத்தண்ணீரும். தாம்போதியின் நடுவில் தலைவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சால்வையைச் சரிசெய்து, நிமிர்ந்து, கால்களை நிறுத்தினார்.

கால்கள் நிற்கவில்லை. பெடல்கள் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத் தம் பாட்டில் சுற்றின. சால்வை முதலில் போனது. அது கடலின்மேல் ஒரு கொக்குப்போல் அழகாகப் போனது. அடுத்து வேட்டித்தலைப்பு செயினுக்குள் போனது. தலைவர் இரண்டு கால்களையும் அகல விரித்து, பிறேக் இல்லாத சைக்கிளில், வேலணையை நோக்கி ஒரு பிரதம விருந்தினருக்கு ஒவ்வாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். நான் உயிரைக் கொடுத்து மிதித்தேன். என் உயிர் அவ்வளவு வேகமில்லை.

அப்போது என்னைத் தாண்டி, புது பிறீவீல் கிர்ரென்று பாட, ஒரு சைக்கிள் போனது. மீன் விற்று முடித்து, வெறும் பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்த சூசை அண்ணை. பக்கத்தில் போய், ஒரு கையால் தலைவருடைய கரியரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, காலைப் பெடலில வைச்சுப் பின்னுக்கு ஊண்டுங்கோ. உந்தாமல் ஊண்டுங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்."

நின்றார்கள். வேட்டியில் பாதி செயினுக்குள் இருந்தது. மீதிப் பாதியோடு ஊருக்குள் சைக்கிள் மிதிக்க முடியாது. ஆகவே தலைவர் இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு, சூசை அண்ணையின் மீன்பெட்டிமேல் இருந்து வேலணைக்குள் பிரவேசித்தார். சந்தியில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். வழமைபோலவே அவர் மிதிக்காமல் மிதந்துதான் வந்தார் என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். தலைவருடைய சைக்கிளையும் என்னுடையதையும் உருட்டிக்கொண்டு நான் பிந்தித்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஸி சாமான்களை எல்லாம் ஒரு பெட்டியில் கட்டிவைத்திருந்தார். சூசை அண்ணை ஒரு கோர்வை மீனோடு வந்து வாங்கின் நுனியில் இருந்தார். தலைவர் வந்தார். இடைவிடாமல் மிதித்துக்கொண்டு வந்தார், பின்னுக்கு ஊன்றி அழகாக நிறுத்தினார். ஹான்டிலில் தேங்காயளவு ஒரு பூட்டுத் தொங்கியது.

மிஸி வாசலில் நின்றார். தலைவர் கொட்டிலைப் பார்த்தார், பூவரசைப் பார்த்தார், கடைசியில் வாங்கைப் பார்த்தார். பிறகு அதில் போய் இருந்தார். சூசை அண்ணை எழும்பப் பார்த்தார்.

"இரும், இரும்" என்றார் தலைவர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "மிஸி, இந்தப் பத்தியம் எவ்வளவு காலத்துக்கு?"

"அடுத்த பிறீவீல் வருமட்டும்."

"ஓம்" என்றார் தலைவர். பூட்டைக் கழற்றி, திறப்போடு சேர்த்து மிஸியிடம் நீட்டினார். "இதை உள்ளுக்கு வையுங்கோ. இரவில சாமான் களவு போகும்."

மிஸி அதை வாங்கி, எடையைப் பார்க்கிறவர்போல் கையில் தூக்கிப் பார்த்தார். பிறந்த பிள்ளையையும் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொதிதண்ணி வை" என்றார். கொட்டிலின் சரித்திரத்தில் அன்றைக்குத்தான் அந்தத் தண்ணீருக்குள் தேயிலை விழுந்தது.

அடுத்த பிறீவீல் வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. தலைவர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குள் வயிறு வற்றிப் பழைய நாஷனல்கள் எல்லாம் மறுபடி அளவாகிவிட்டன.

எனக்கும் ஒருவழியாகக் கொழும்பில் உத்தியோகம் கிடைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலை பஸ்ஸுக்கு முன், சைக்கிளைக் கொட்டிலில் விட்டுவிட்டு வரலாம் என்று போனேன். மிஸி அதைத் தலைகீழாக்கி, குழலை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சில்லு நின்றபிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

"பிறக்கேக்கை ரெண்டு நாள் பிந்தினனீ" என்றார், கண்ணைத் திறக்காமல். "இப்ப என்ன அவசரம் உனக்கு?"

அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். மத்தியான பஸ்ஸையும் விட்டுவிட்டு, அவருக்குக் கொதிதண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.