லோக்கல் ஊசியும் உங்கள் மச்சானின் கிட்னியும்

திகன

கலகெதரையில் இருக்கும் அன்பு முனாஸ் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை ரபீகா எழுதுகிறேன். நாங்கள் சுகம், அல்ஹம்துலில்லாஹ். நீங்களும் மதினியும் சண்டை பிடிக்கும் அளவுக்குச் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் மச்சான் அஸீமுக்குச் சீனி வருத்தம் கிட்னியில் இறங்கிவிட்டது, இப்படியே போனால் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வரும் என்று போன வருஷம் சொன்னார்களே, அதற்குக் கண்டியில் ஏதோ ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன். பல்லுப் பிடுங்க விறைக்கப் போடுகிற மருந்து கிட்னிக்கும் நல்லதா என்று பார்க்கிறார்களாம். "இது லோக்கல் அனஸ்தீசியா" என்று டொக்டர் நிரோஷினி சொன்னதும் நம் உருளைக்கிழங்கு வியாபாரிக்கு முகம் மலர்ந்தது. "லோக்கலா? அப்ப தைரியமாப் போடுங்க மிஸ். இம்போட் கிழங்கு அழுகிடும், நுவரெலியாக் கிழங்கு அசையாது." அந்த டொக்டர் பிள்ளை மாஸ்க்குக்குள் குலுங்கிச் சிரித்தது.

அன்றிலிருந்து வாராவாரம் இடுப்பில் ஊசி. வீட்டுக்கு வந்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியாதாம். மூட்டை தூக்க ஏலாது, தேங்காய் துருவ ஏலாது, நம் சாச்சி வந்தால் எழும்பி ஸலாம் சொல்லவும் ஏலாது. "ரபீ, கால் ஈக்குதாண்டு கொஞ்சம் பாருங்க." "ரெண்டும் ஈக்குது. நாக்கும் ஈக்குது." ஆனால் ஊசிக்கு மரியாதை கொடுத்து, நான் சொன்னபடி பிளேன்டீக்குச் சீனி போடுவதை விட்டார், மாத்திரையை நேரத்துக்கு விழுங்கினார், அரைத்தட்டுச் சோறு வைத்தாலும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்.

நேற்று ரிப்போட். பயத்தில் எனக்குத்தான் கால் விறைத்தது. "கிட்னி மோசமாகல்ல, சிறுநீருல போற புரதமும் குறைஞ்சிருக்கு. மெஷின் இப்ப வேணாம்" என்றார் டொக்டர். நானா, அங்கேயே அழுதுவிட்டேன். உங்களுக்கும் சீனி ஏறிக் கிடக்கிறதே, உடனே வந்து இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மதினிக்கு ஸலாம். உங்கள் கிட்னி இரண்டையும் அல்லாஹ் ஒரு குறையில்லாமல் காப்பானாக.

தங்கை ரபீகா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் டொக்டர் போனில் கோல் எடுத்தார், ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். ஊசிக்கு வர வேண்டாம் நானா. பாதிப் பேருக்குத்தான் மருந்தாம், மற்றவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீராம். இவருக்குத் தண்ணீர். சம்மதம் என்று கையெழுத்து வைத்த அன்றே விளக்கினார்களாம், இவர் அப்போது கிழங்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். இவர் போனைப் பறித்துக் கேட்டார்: "அப்ப எனக்கு எதால சுகமாச்சி மிஸ்?" "சீனியை விட்டீங்க, மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்க." இவர் சொன்னார்: "அப்ப அந்தத் தண்ணியை நிப்பாட்டாதீங்க மிஸ். அது இல்லாட்டி நான் ரபீகாட பேச்சைக் கேக்க மாட்டன்."