மடவை மீனின் நிரந்தர முகவரி

தண்ணீர் இரண்டு வகைப்படும்: நன்னீர், உப்புநீர். கடவுள் பிரித்தாரா என்று தெரியாது. எங்கள் ஊரில் பிரித்தது ஆபீஸ். ஆறு நன்னீர்த் துறைக்கு, கடல் உப்புநீர்த் துறைக்கு. இரண்டும் சேர்கிற முகத்துவாரம் மட்டும் யாருக்கும் வேண்டாத பிள்ளை.

அந்த முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. உள்ளே மடவை மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு முட்டி மோதின. அவை கடலுக்குப் போய்த்தான் முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்பி வந்தால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். மணலை வெட்ட அனுமதி வேண்டுமே! வாயாலேயே வலை பின்னுகிற என் அண்ணி, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கீழ்த்தளத்தில் நன்னீர் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"மீன் எந்தத் தண்ணி?"

"ரெண்டும்தாங்க."

"அதெப்படி? நிரந்தர முகவரி எது?"

"பொறந்த வீடு கடல், புகுந்த வீடு ஆறு," என்றாள் அண்ணி. "பிரசவத்துக்குப் போகணும், வழியை விடுங்க!"

"பொறந்த வீட்டு விவகாரமா? அப்போ மாடிக்குப் போங்க."

மாடியில் உப்புநீர் அதிகாரி. அவரிடம் அண்ணி யதார்த்தமாக, "நல்ல தண்ணியில மாட்டிக்கிச்சுங்க..." என்று ஆரம்பித்தாள். மனிதர் துள்ளி எழுந்துவிட்டார்.

"அது நல்ல தண்ணின்னா, எங்களது என்ன கெட்ட தண்ணியா?"

ஐயோ, அந்த ஒரு சொல்லால் வந்த வினை! உப்புநீர்த் துறை முழுக்கக் கறுப்புப் பட்டை அணிந்தது. 'நாங்களும் நல்லவர்களே' என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பதிலடியாக நன்னீர்த் துறை, மாடிக்குப் போகிற குடிதண்ணீர்க் குழாயை மூடியது. தொண்டை வறண்ட பிறகுதான் சமாதானத்துக்கு ஆள் வந்தது.

இரண்டு அதிகாரிகளும் எல்லை வகுக்க நேரில் வந்தார்கள். பேண்டை மடித்துவிட்டு, ஆளுக்கொரு கரண்டியால் தண்ணீரை மொண்டு நக்கிப் பார்த்து, கரித்த இடத்தில் கம்பம் நட்டார்கள். நட்ட கையோடு ஒரு அலை மணல்மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்தது.

"அத்துமீறல்!" என்று கூவினார் நன்னீர்.

கடலிடம் விளக்கம் கேட்டு அங்கேயே நோட்டீஸ் எழுதிக் கம்பத்தில் ஒட்டினார்கள். அடுத்த அலை அதைக் கொண்டுபோனது.

"நேரில் பெற்றுக்கொண்டது," என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அங்க மீன் செத்துக்கிட்டிருக்குய்யா!" என்று அண்ணி கத்தினாள்.

அந்தக் கத்தல் மேலிடத்துக்கே கேட்டுவிட்டது. இரண்டுக்கும் பொதுவாக 'இருநீர்த் துறை' பிறந்தது. அதன் கட்டடத்துக்கு, எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத நிலம் தேவைப்பட்டது. அப்படி ஊரிலேயே ஒரே இடம்தான் இருந்தது: முகத்துவாரத்தை அடைத்த அந்த மணல்மேடு. அஸ்திவாரம் உறுதியாக இருக்க இன்னும் மணல் கொட்டினார்கள்.

திறப்பு விழாவில் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரே ஒரு மடவை நீந்தியது. மற்றவை வெளியே வெள்ளை வெள்ளையாக மிதந்தன. போராடியதைப் பாராட்டி அண்ணிக்கு வரவேற்பறையில் வேலை, எனக்கு வாசலில் காவல் வேலை. வயிறு எரிந்தது. ஆனாலும் மாதச் சம்பளமாயிற்றே! நன்றாகவே கை தட்டினோம்.

நேற்று பக்கத்து ஊர்க்காரர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அவர்கள் முகத்துவாரமும் அடைத்துக்கொண்டதாம். செருப்பை வெளியே விடச் சொல்லி உள்ளே அனுப்பினேன். அண்ணி தன் புது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்தாள்.

"மீன் எந்தத் தண்ணி?"