சமையல் மேடைக்கு வந்த மேகம்

நடனசபாபதி தன் சிநேகிதர் கலைமணியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது சிதம்பரம் பேருந்து நிலையத்தில். கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷர். தானே செய்த கண்ணாடிப் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க மச்சான்" என்று நடனசபாபதியிடமும் அவர் மனைவி சந்திரலேகாவிடமும் கொடுத்தார். நடனசபாபதி தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்பியபோது, அவர் சந்திரலேகாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியது. அடுத்த மாதம் அவர் இல்லை.

பெட்டி ஒரு வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. முதுநகர் வீட்டுச் சமையலறையில் கடப்பாக் கல்லைப் பெயர்த்து கிரானைட் போடுவது என்று சந்திரலேகா முடிவெடுத்தபோதுதான் அதற்கு வேலை வந்தது. கல்லோடு பரணையும் இடிப்பதாக ஏற்பாடு. பரணில் இருந்தது நடனசபாபதியின் அப்பா பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருந்த காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கு. அது எரிந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் அதைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போவதை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மின்வாரியத்தில் எத்தனையோ கம்பம் ஏறியவர். மனைவியிடம் இதைச் சொல்லத்தான் தைரியமில்லை. விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார்.

"கிரானைட்டுல கதிர்வீச்சு இருக்கு லேகா. கண்ணுக்குத் தெரியாது. நான் தெரிய வைக்கிறேன்."

"வையுங்க மாமா."

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஐஸ்கிரீம் ஏஜென்சியில் கெஞ்சி வாங்கிய உலர்பனியின் மேல் கறுப்புத் தகட்டை வைத்தார். அதன் மேல் பெட்டி. பெட்டியின் உச்சியில் ஸ்பிரிட்டில் நனைத்த கம்பளித் துணி. ஜன்னலைச் சாத்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்தார். மேலிருந்து இறங்கும் ஸ்பிரிட் ஆவி அடியில் குளிர்ந்துபோய், மேகமாவதற்கு ஒரு சாக்கு கிடைக்காதா என்று நிற்கும். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று குறுக்கே ஓடினால், வழியெல்லாம் மின்னேற்றத்தை விட்டுப் போகும். அதைப் பற்றிக்கொண்டு ஆவி துளித்துளியாகக் கூடும். ஓடியது தெரியாது, ஓடிய தடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். எலக்ட்ரானுக்கு எதிர்ஜோடியான பாசிட்ரானையே உலகம் முதலில் இப்படிப்பட்ட பெட்டிக்குள்தான் பார்த்தது என்று கலைமணி சொன்னதையும் ஒப்பித்தார்.

கிரானைட் சில்லு உள்ளே போனது. பத்து நிமிஷத்தில் ஒரு கோடு. அப்புறம் இன்னொன்று.

"பாத்தியா? இதும்மேல வச்சா சோறு வடிக்கப் போற?"

சந்திரலேகா குனிந்து பார்த்தாள். "கல்லை எடுங்க."

எடுத்துவிட்டு மறுபடி மூடிக் காத்திருந்தார்கள். கோடு வந்தது.

"அது வானத்துலேர்ந்து வர்றது" என்றார்.

"அப்ப வானத்தையும் மாத்திடலாமா மாமா?"

வானத்துலேர்ந்து வருவது கம்மி, கல்லில் ஜாஸ்தி என்று சமாளித்தார். அதோடு விட்டிருக்கலாம். கோடு ஜாஸ்தியாக விழுகிற எதுவும் இந்த வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று தீர்ப்பும் சொன்னார்.

"எதுவுமேவா?"

"எதுவுமே."

சந்திரலேகா அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன அட்டைப் பொட்டலத்தை எடுத்தாள். அதற்குள் இருந்த வலைப்பை போன்ற மேண்டிலை இடுக்கியால் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்ரோமாக்ஸில் மாட்டும் மேண்டில்.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் கம்பி மத்தாப்பு கொளுத்தியதுபோல் நாலாபக்கமும் கோடுகள் சீறின.

"பழைய மேண்டில்ல தோரியம்னு ஒண்ணு கலந்திருப்பாங்களாம். கலைமணி அண்ணன் அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல சொன்னாரு. வச்சுப் பாரு தங்கச்சி, அழகா இருக்கும்னாரு."

அழகாகத்தான் இருந்தது. நடனசபாபதி தோற்றதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். துணி காய்ந்தபோது சந்திரலேகாவே ஸ்பிரிட் ஊற்றினாள். உலர்பனி தீரும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கிரானைட் வந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் இப்போது மங்கலம்பேட்டையில், சந்திரலேகாவின் தம்பி வீட்டுக் கூடத்தில், மேண்டிலுக்குப் பதில் பல்போடு தொங்குகிறது. பல்பு மாட்டிக் கொடுத்தவர் நடனசபாபதி. கண்ணாடிப் பெட்டி கிரானைட் மேடையின் மேல் இருக்கிறது. அதில் வடகம் இருக்கிறது.