பிராக்கெட் அண்ணன் கண்ட மைனஸ்

ஜொகூர் மாநிலத்திலேயே பிராக்கெட் அண்ணனைப் போலச் சந்தேகப் பிராணி இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. கெலாங் பாத்தாவில், லாரி கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில், ஒரு வரிக்குப் பத்து அடைப்புக்குறி போடுவார். கடையில் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீ, சொல்லும்போதும் அப்படித்தான். “ரெண்டு தே, சீனி குறைச்சு” என்றால், குறைப்பது ஒன்றிலா இரண்டிலுமா என்று கடைக்காரருக்கு அவர் விளக்கி முடிப்பதற்குள் எங்கள் இடைவேளை முடிந்துவிடும்.

ஒருநாள், நாங்கள் நிரல் எழுதும் ஃபங்ஷனல் மொழிக்குப் புதிய கம்பைலர் வந்தது. நாம் எழுதுவதைக் கணினிக்குப் படித்துச் சொல்வது அதுதான். குழுத்தலைவியான நான், ஒரு வாரத்தில் மாறிவிடலாம் என்றேன். அண்ணன் ஒரு மாதம் கேட்டார். பழையது கணக்கை முடித்துவிட்டு மைனஸைச் சேர்க்கும், புதியது முதலிலேயே எண்ணோடு ஒட்டிவிடும், மைனஸ் மூன்றின் வர்க்கம் பழையதில் மைனஸ் ஒன்பது, புதியதில் வெறும் ஒன்பது, விடை மாறும் என்றார்.

“தப்புன்னு சொல்லி நின்னுட்டா பரவால்லம்மா. ஒண்ணும் சொல்லாம வேற மாதிரி படிச்சுக்கும். அதான் பயம்.”

எல்லோர் முன்னாலும் சிரித்தேன். உங்களுக்குப் புதுசு என்றாலே பயம் என்றேன். அந்த வேலையிலிருந்தும் அவரை விலக்கினேன். மாதக் கடைசியில், உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரான லாபிஸுக்கே போய்விட்டார். சாக்கு என்று நினைத்தேன்.

புதிய கம்பைலர் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. ஆனால் எங்கள் மென்பொருள் போட்டுத் தரும் அட்டவணையில் லாரி ஓட்டுநர்களின் ஓய்வு நாட்கள் இடம் மாறிப் போயின. மகளின் நிச்சயதார்த்தத்தன்று ஒருவர் லாரியோடு சிங்கப்பூர் சுங்க வரிசையில் நின்றிருந்தார். அவர் கோபப்படவில்லை. ஃபோனில் டூட்டி என்று வந்ததே என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் தேடியும் எனக்குப் பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டு அண்ணனை அழைத்தேன். மூச்சு வாங்கியபடியே, கிழமையைக் கணக்கிடும் வரியைத் திறக்கச் சொன்னார்.

“கணக்க பிராக்கெட்டுக்குள்ள போடு. மைனஸ வெளிய வைம்மா.”

வைத்தேன். சரியானது. நன்றி சொல்லி அவசரமாகத் துண்டித்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் இறந்த செய்தி வந்தது. லாபிஸில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் என்னோடு பேசினாராம்.

“மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலம்மா. நீங்க பேசினப்புறம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சாரு.”

இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம். எப்படி இருக்கீங்க அண்ணே என்றுகூட நான் கேட்கவில்லை.