ஒன்பதாம் மேஜைக்குப் போய்ச் சேராத கபாப்

நாலு பேரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனால் எனக்கு உட்காரத் தெரியாது. இது பணிவு இல்லை, பெருந்தன்மையும் இல்லை. பரம்பரை வியாதி. சில குடும்பங்களில் சர்க்கரை வரும், சில குடும்பங்களில் வழுக்கை வரும். எங்கள் குடும்பத்துக்குப் பந்தி விசாரிப்பு வந்திருக்கிறது.

வரதராஜன்பேட்டைப் பக்கம் எங்கள் சொந்தத்தில் விருந்து வைத்தவன் பந்தியில் உட்காரக் கூடாது. இலைக்கு இலை குனிந்து, "கூட்டு வந்துச்சா, ஏன் சோறே வாங்கல" என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அப்பா இதில் பெரிய ஆள். மண்டப வாசலில் நின்றபடியே கடைசி வரிசையில் யாருக்கு அப்பளம் வரவில்லை என்று சொல்வார். நான் தண்ணீர் ஜக்கில் ஆரம்பித்து, மீசை முளைப்பதற்கு முன்பே சாம்பார் வாளிக்குப் பதவி உயர்வு பெற்றவன். எனக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் ரொம்ப எளிமையானது: காலி இலையைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்காதே, வரிசையில் எந்த இலையையும் தாண்டிப் போகாதே. தாண்டினால் அந்த இலைக்காரர் அப்புறம் நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். (அப்படி மிதிக்காத மாமா ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். பாயசத்தில் போனவர்.)

பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தும் இது தீரவில்லை. படிப்பு முடிந்து அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும் கல்லூரி நண்பர்கள் விருந்து கேட்டார்கள். பரோட்டா கடை எல்லாம் கிடையாது, பெரம்பலூர் பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் அந்தப் பெரிய ரெஸ்டாரண்ட்தான் என்று தீர்மானம் போட்டார்கள். கண்ணாடிச் சுவரும், வாசலில் பித்தளை உருளியில் மிதக்கும் பூக்களுமாக இருக்கும். சென்னையிலிருந்து திருச்சி போகிற கார்கள்தான் அங்கே நிற்கும். நாங்கள் அதைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருந்தோம்.

நண்பர்கள் என்றால் மூன்று பேர். வேப்பந்தட்டை மணிவேல், சாப்பாடு விஷயத்தில் எந்தக் கொள்கையும் இல்லாதவன். லெப்பைக்குடிக்காடு ஜாகிர், ரகசியம் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்பவன். மூன்றாவது சுகன்யா.

சுகன்யாவைப் பற்றி ஒரே வரியில் சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு வருஷமாகச் சொல்லாமலே இருந்தேன். பெரம்பலூர்க்காரி, கண்டக்டர் மகள். பஸ்ஸில் சில்லறை இல்லை என்பவர்களை அவள் அப்பா பார்க்கிற அதே பார்வையை எங்கள் எல்லோர் மேலும் வைத்திருப்பாள். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. விருந்துக்கு அடுத்த நாளே கிளம்புகிறாள். மனசில் இருப்பதை இன்றைக்குச் சொல்லவில்லை என்றால் பிறகு அவள் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கத்தான் போக வேண்டியிருக்கும் என்று எனக்கே தெரிந்தது.

எனவே திட்டம் போட்டோம். கடைசியில் இனிப்பு வந்ததும் ஜாகிர், மணிவேலை இழுத்துக்கொண்டு கைகழுவப் போய்விடுவான். நான் சொல்லிவிடுவேன். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். பக்கத்து சீட்டில் வெங்காயப் பையோடு இருந்த அம்மா ரொம்ப நேரம் என் வாயையே பார்த்துவிட்டு, "பயப்படாம எழுதுங்க தம்பி, பாஸாயிடுவீங்க" என்றார்.

உடையிலும் குறை வைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட். அதற்கு மேல் பெரியப்பா மகனின் ரிசப்ஷன் கோட் செட்டைக் கடன் வாங்கியிருந்தேன். கோட்டு எனக்குத் தொளதொளவென்று இருந்ததால் அதை விட்டுவிட்டு, உள்ளே போடுகிற கையில்லாத மெரூன் கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு இளம் தொழிலதிபர் தெரிந்தார். ரெஸ்டாரண்ட் வாசலில் நின்ற காவலாளிக்கு வேறு யாரோ தெரிந்திருக்கிறார். "பின்பக்கமா போங்க தம்பி, இது கஸ்டமர் வழி" என்றார்.

உள்ளே போனதும் காரணம் புரிந்தது. அங்கே பரிமாறுகிற அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், மெரூன் கையில்லாக் கோட்டு. எங்கள் மேஜையை அடைவதற்குள் ஒரு குழந்தை என்னிடம் ஸ்ட்ரா கேட்டுவிட்டது. (கொடுத்தேன். பக்கத்து மேஜையில் இருந்தது.)

இருந்தாலும் உட்கார்ந்தேன். சுகன்யாவுக்கு நேர் எதிரே, முதுகை நிமிர்த்திக்கொண்டு. பட்டர் நான், பன்னீர், பருப்பு எல்லாம் வந்தன. பருப்பை ஒரு குட்டிச் செம்பு வாளியில் கொண்டு வந்து வைத்தார்கள். எங்கள் ஊர் சாம்பார் வாளி குட்டி போட்ட மாதிரி, கைப்பிடி, கரண்டி எல்லாம் அப்படியே. அதைப் பார்த்த பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கை வாளியைத் தூக்கியது, கால் எழுந்து நின்றது.

"உக்காந்து போடலாம்ல?" என்றாள் சுகன்யா.

"இதோ" என்றேன். அடுத்த முக்கால் மணி நேரம் நான் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

ஏனென்றால் மூவருக்கும் பருப்பு ஊற்றி நிமிர்ந்தபோது அடுத்த மேஜைப் பெரியவர் என் கண்ணில் பட்டார். தட்டில் ஒரு காய்ந்த சப்பாத்தி, நாலு வெள்ளரித் துண்டு. கை தட்டுக்கு மேலே சும்மா நிற்கிறது, கண் எங்கள் பட்டர் நானில் நிற்கிறது. பந்திப் பயிற்சியில் இது அபாயச் சங்கு ஊத வேண்டிய நிலைமை.

"ஏதாவது வேணுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கைகழுவும் இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பட்டர் நான் ரெண்டு. வெண்ணெ நெறைய. அவ வர்றதுக்குள்ள."

நான் சர்வர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். படித்தவன்தானே. ஆனால் கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எங்கள் வம்சத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை. நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், உள்ளே ஒரே அமளி. கேட்டதும் கொடுத்தார்கள். பெரியவர் அதை வாங்கிய வேகத்தில் இரண்டு நானும் வெள்ளரிக்கு அடியில் மறைந்தன.

திரும்பும்போது சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். திருச்சி கிளையிலிருந்து அனுப்பச் சொன்ன ஆள் நான்தான் என்று அவராகவே முடிவு செய்து, இவ்வளவு லேட்டாகவா வருவது என்று திட்டினார். இல்லைங்க சார் என்று ஆரம்பித்தேன். "பேசாத, தண்ணி ஊத்து" என்று ஜக்கைக் கையில் திணித்தார். ஜக்கு கைக்கு வந்ததும் பேச்சு நின்றுபோனது.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்புறம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஹாலில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. கேட்டால் வைக்கிறார்கள், போதும் என்றால் போய்விடுகிறார்கள். இது என்ன விருந்து? நான் மேஜை மேஜையாகப் போய், "இன்னும் ஒரே ஒரு கரண்டி, எங்களுக்காக" என்றேன். சென்னைக் கார்க்காரர்கள் முதலில் மிரண்டார்கள், பிறகு தட்டை நீட்டினார்கள்.

இடையில் ஒருமுறை எங்கள் மேஜையைப் பார்த்தேன். மணிவேல் என் பங்கு பன்னீரை முடித்திருந்தான். ஜாகிர் மேஜையில் தலை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். சுகன்யா மட்டும் என் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே போய்விட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு பெரிய தட்டு நிறைய சிக்கன் கபாப் என் கைக்கு வந்தது. "ஒம்போது" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

ஒன்பதாம் மேஜை ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது. ஒரு குடும்பம் பிறந்தநாள் தொப்பி போட்டுக்கொண்டு காத்திருந்தது. அங்கே போக வேண்டுமானால் வழியில் இத்தனை பேரைத் தாண்ட வேண்டும். கையில் பதார்த்தத்தை வைத்துக்கொண்டு இத்தனை தட்டுகளைத் தாண்டுவதா? பாயசத்தில் போன மாமா என் கண் முன்னால் வந்து நின்றார்.

தட்டில் இருந்த இடுக்கியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒன்று, வரிசை தவறாமல். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓசியில் வந்த கபாபை வேண்டாம் என்பவர்கள் பைபாஸில் பயணம் செய்வதில்லை போலிருக்கிறது. ஒன்பதாம் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு இருந்தது. அதைப் பிறந்தநாள் பையனுக்கு வைத்தேன்.

அவன் அழுதான். அதே நேரம் பின்னால், "யாரு உங்களுக்குக் கறி வச்சது? டாக்டரு என்ன சொன்னாரு?" என்று ஒரு அம்மாவின் குரல் ஹாலையே நிறுத்தியது. அடுத்த மேஜைப் பெரியவர் வாயில் கபாபோடு என்னைக் கை காட்டினார். "கேக்காமயே வச்சிட்டுப் போயிடுச்சு இந்தத் தம்பி."

சூப்பர்வைசர் வந்தார். திருச்சி கிளைக்குப் போன் போட்டிருக்கிறார், அவர்கள் யாரையும் அனுப்பவில்லையாம். "யார்யா நீ?" என்றார்.

"கஸ்டமருங்க" என்றேன், கையில் இடுக்கியோடு.

அவர் நம்பவில்லை. நான் எங்கள் மேஜையைக் காட்டினேன். என்னை அங்கே அழைத்துக்கொண்டு போய், சுகன்யாவிடம், இவர் உங்களோடு வந்தவரா என்று கேட்டார். சுகன்யா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சில்லறை இல்லாத பயணியைப் பார்க்கிற பார்வை.

"தெரியலைங்க" என்றாள். "எங்க கூட வந்தவரு எங்க கூட உக்காந்திருப்பாரு."

ஜாகிர்தான் எழுந்து, ஆமாங்க எங்க ஆளுதான், பந்தி வீட்டுப் பிள்ளை என்று ஏதேதோ சொல்லி ஜாமீன் எடுத்தான். ஒன்பதாம் மேஜைக்குப் புதுக் கபாப் எங்கள் பில்லில் போனது. பையனிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினால், மேஜையில் குலாப் ஜாமூன் கிண்ணங்கள் காலியாக இருந்தன. இனிப்பு வந்து, சாப்பிட்டு, முடிந்தே போயிருந்தது. திட்டத்தின்படி ஜாகிர் மணிவேலை இழுத்துக்கொண்டு போனான்.

சுகன்யாவும் நானும் மட்டும். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள்.

"நீ ஏதோ சொல்லப் போறன்னு ஜாகிர் போன வாரமே சொல்லிட்டான்" என்றாள். "அதுக்குத்தான் வந்தேன். சொல்லு."

பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு முழுக்க மறந்துபோயிருந்தது. வாயைத் திறந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் அந்த வாய்க்குப் பழகிய ஒரே வாக்கியம் வெளியே வந்தது.

"வேற ஏதாவது வேணுங்களா?"

சுகன்யா பையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

"நீ உக்காரணும்" என்றாள். "எதிர்ல இல்ல. இங்க."

உட்கார்ந்தேன். அவள் தட்டில் மிச்சமிருந்த பாதி நானை என் பக்கம் தள்ளினாள். ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது. அவ்வளவு ருசியான எதையும் நான் அதற்கு முன் தின்றதில்லை.

இரண்டு வருஷம் கழித்து அரியலூரில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, என் துண்டு நுனியையும் அவள் சேலை நுனியையும் சேர்த்து முடிந்து மேடையைச் சுற்ற வைத்தார்கள். அதற்குள் கீழே முதல் பந்தி ஆரம்பமாகிவிட்டது. மேடையிலிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒரு இலைக்குப் பொரியல் வரவில்லை. நான் மாலையோடு இறங்கப் போனேன். துண்டு இழுத்தது. சுகன்யா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அவிழ்க்க வந்த அவள் அத்தையைக் கிட்டேயே விடவில்லை. கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் எனக்கு விடுதலை.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்திலும் நட்பிலும் எந்த விசேஷத்திலும் இலை போடுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர், "மாப்பிள்ளைய முடிஞ்சாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். போன மாதம் மணிவேல் மகளின் காதுகுத்தில் கேட்டது என் மாமனார். சுகன்யா சேலை நுனியைத் தூக்கிக் காட்டினாள். அதன் மறுமுனையில் என் சட்டை நுனி இருந்தது. நான் சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன்.