சேவல் போட்ட சந்தனக் கிண்ணம்

எந்தப் பாத்திரம் கையில் கிடைத்தாலும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் பாயசம் காலியாகும் முன்பே கிண்ணத்தைக் கவிழ்த்தவள் நான் (புடவை போச்சு, அது தனிக் கதை). எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்ததால், எதையாவது தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டோமோ என்று எப்போதும் ஒரு பயம். தெரிந்துகொண்டால், ஏன் தெரிந்துகொண்டோம் என்று இன்னொரு பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் என் தங்கை புவனாவின் நிச்சயதார்த்தம் மாட்டிக்கொண்டு முழித்தது.

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒற்றைக் கால், அதன்மேல் குழிந்த வாய், விளிம்பில் நீலக் கோடு, வயிற்றில் சிவப்புக் கொண்டையோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு சேவல். மலைமேல் முருகனை வைத்துக்கொண்டு கீழே குடியிருக்கும் எங்களுக்குச் சேவலைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? நைனாவின் (அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) தாத்தா காலத்திலிருந்து அதுதான் சந்தனக் கிண்ணம். யாரோ ஒரு வெள்ளைக்கார துரை, எங்கள் பாட்டனார் நெய்த வேட்டியைத் தொட்டுப் பார்த்துச் சொக்கிப்போய்ப் பரிசாகக் கொடுத்தாராம். நைனா சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தத் துரைக்குப் பதவி உயர்வு கிடைக்கும். கடைசியாக நான் கேட்டபோது அவர் கலெக்டர்.

நைனா சைவம் என்றால் அப்படி ஒரு சைவம். முட்டை போண்டா வண்டி நின்றால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போவார்; வண்டியைத் தாண்டியதும் மறுபடி கடந்து வருவார். ஆர்.கே.பேட்டையில் அமைந்த சம்பந்தியோ நைனாவுக்கே அண்ணன். பிறந்தநாள் கேக்கை யாராவது நீட்டினால், பேக்கரிக்குப் போன் போட்டு "முட்டை போட்டதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தொடுவாராம். இதைக் கேள்விப்பட்ட நொடியிலேயே நைனா, "இதாண்டி சம்பந்தம்" என்று முடிவு கட்டிவிட்டார். புவனாவுக்கும் மாப்பிள்ளையைப் பார்த்த அன்றே மனசு விழுந்துவிட்டது (சைவத்துக்காக இல்லை). ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டு மாற்றுகிற நேரத்தில் ஏதேதோ காரணம் சொல்லி நின்றுபோயிருந்தன. மூன்றாவதும் நின்றால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நிச்சயத்துக்கு நாலு நாள் முன்பு, கிண்ணத்தைக் கழுவும் வேலை எனக்கு வந்தது. கழுவினேன். கவிழ்த்தேன். அடியில் ஒரு கிரீடம், அதைச் சுற்றித் தேய்ந்த இங்கிலீஷ் எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்ததில் 'இங்கிலாந்து' வரை வந்தது. அதற்குமேல் அந்த மையும் என் படிப்பும் ஒரே இடத்தில் அழிந்திருந்தன.

கம்மென்று இருந்திருக்கலாம். லேஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அரக்கோணம் பஸ் ஏறினேன். அங்கே கரீம் பாய் என்று ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"இன்னாம்மா இது, எங்க கெட்ச்சது?"

"எங்க வூட்டு சந்தனக் கிண்ணம் பாய்."

"சந்தனமா! இது முட்டை வெக்கிற கப்புமா. வெள்ளக்காரன் காலைல அவிச்ச முட்டைய இதுல நிக்க வெச்சி, மண்டைய ஒட்ச்சி, சின்ன ஸ்பூனால நோண்டித் துண்ணுவான்."

"முட்டைக்கு எதுக்கு பாய் நாற்காலி?"

"அவனுக்கு எல்லாத்துக்கும் நாற்காலி வேணும்மா."

பாய்க்கு அதன் கதையும் தெரிந்திருந்தது. துரைமார் ஊரைவிட்டுப் போன காலத்தில் ஏதோ ஒரு பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்களாம். பாயின் தாத்தா அள்ளிக்கொண்டு வந்த மூட்டையில் இதே மாதிரி ஆறு கிண்ணம்.

"ரெண்டு வருசமா வாங்க ஆளில்லாம தூங்கிகினு கெடந்துதாம். ஒரு ஆடிக் கிருத்திகைக்கு உங்க ஊருக்கு எட்த்துனு வந்து தரைல துணி விரிச்சி வெச்சாராம். சேவலப் பாத்துட்டு ஒரே நாள்ல ஆறும் பூட்ச்சி. எதுக்குன்னு வாங்கனவங்களும் கேக்கல, அவரும் சொல்லல."

கலெக்டர் துரையும் போனார், அவர் சொக்கிப்போன வேட்டியும் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. எத்தனை கிருத்திகை, எத்தனை கல்யாணம்! என் கல்யாணத்தில் என் வீட்டுக்காரர் நெற்றியில் வைத்த சந்தனம்கூட இதிலிருந்து எடுத்ததுதான். (அவர் இன்றைக்கும் நல்லாத்தான் இருக்கார். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் நெற்றியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.)

"நைனா, இந்த வாட்டி எவர்சில்வர் கிண்ணத்துல சந்தனம் வெச்சுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்தச் சேவல் இல்லாம நம்ம வூட்ல எந்த நல்லது நடந்துச்சி? பைத்தியமாடி உனக்கு?"

உண்மையைச் சொன்னால் நைனா வீட்டையே கழுவிவிடுவார், நிச்சயத்தைத் தள்ளிவைப்பார். சொல்லாமல் விட்டால், மாப்பிள்ளையின் சித்தப்பா இருக்கிறாரே! சென்னையில் பெரிய ஓட்டலில் முப்பது வருஷம் காலை டிபன் பரிமாறியவர். அவர் கண்ணில் பட்டால்?

அப்போதுதான் என் தையல் மூளை வேலை செய்தது. ஜாக்கெட் கைக்கு வைத்திருந்த ஜரிகை லேஸைக் கிண்ணத்தின் வயிற்றைச் சுற்றி, கல் ஒட்டும் பசையால் ஒட்டினேன். சேவலின் கால் தெரிந்தது, இன்னொரு சுற்று. கொண்டை தெரிந்தது; ஒரு வரிசை முத்து. பயம் ஏற ஏற லேஸும் ஏறியது. கடைசியில் அது கிண்ணம் மாதிரியே இல்லை, கொலுவில் வைக்கிற குட்டித் தேர் மாதிரி இருந்தது. "நல்லாத்தான் கீது" என்று நைனாவே மெச்சினார். நிச்சயத்தன்று காலையில் மறுபடி சந்தேகம் வந்து கடைசியாக ஒரு சுற்று ஒட்டினேன். அது காயவில்லை.

பத்து மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, வேனை எங்கே நிறுத்துவது என்று டிரைவருக்கு வகுப்பெடுக்க வெளியிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா முதலில் உள்ளே வந்தார். நான் தட்டை நீட்டினேன். அவர் இரண்டு விரலால் சந்தனத்தைத் தொட்டுக் கையை எடுத்தார். கையோடு கிண்ணமும் எழுந்து வந்தது. வளையல் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வுடும்மா."

"நான் வுட்டுட்டேங்க. அதுதான் வுட மாட்டேங்குது."

நான் கிண்ணத்தை இழுக்க, அவர் கையை இழுக்க, லேஸ் முழுதும் சரசரவென்று உரிந்து அவர் மணிக்கட்டில் கங்கணம் மாதிரி சுற்றிக்கொண்டது. முத்துகள் தரையெங்கும் ஓடின. என் கையில் அம்மணமாக நின்றது சேவல்.

பின்னால் வந்த சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "அட! அண்ணி, இது எக் கப்பாச்சே! இதுல எத்தன ஆயிரம் முட்டை வெச்சிக் குட்த்திருப்பேன்!"

"முட்டையா?" என்றார் நைனா. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன். "நாலு நாளாத்தான் தெரியும்."

உள் அறைக் கதவிடுக்கில் புவனாவின் ஒரு கண் தெரிந்தது. அந்த ஒரு கண்ணே இரண்டு கண்ணின் வேலையைச் செய்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். சேவலைப் பார்த்தார். பிறகு (என் சாதி ஜனம்!) கவிழ்த்து அடியைப் பார்த்தார். சந்தனம் முழுதும் அவர் பட்டுப்புடவையில் இறங்கியது. அதைக்கூடக் கவனிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முடிந்தது, மூன்றாவதும் போய்விட்டது என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, நைனாவையும் என்னையும் கிட்டே கூப்பிட்டார். குரல் ரகசியமாக இருந்தது.

"எங்க வூட்டு சாமி ரூம்ல திருநீறு வெச்சிருக்கறது இருக்கே... அதுலயும் இதே சேவல்தாங்க."

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "நான் பல வருசமா பாத்துகினுதான் கீறேன் அண்ணி. சொன்னா அண்ணன் என்ன வூட்டுக்குள்ள சேக்க மாட்டாரு. அதான் கம்முனு இருந்தேன்."

"இங்க மட்டும் ஏன் வாயத் தொறந்தே?"

"அடுத்தவங்க வூடுன்னு தைரியம் வந்துட்ச்சி அண்ணி."

அந்த அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "இவருக்குத் தெரிஞ்சா முப்பது வருசம் பூசுன திருநீறுக்கும் பரிகாரம் கேப்பாரு. நீங்க பொண்ண வேற எடத்துல குட்த்தா இந்த விசயம் எங்கெங்கியோ போவும். அதெல்லாம் வேணாம். தட்ட மாத்திடலாம், சீக்கிரம்!"

நைனா இன்னும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாகச் சொன்னார்: "வெள்ளக்காரன் இதுல எத்தினி நாளு முட்ட துன்னிருப்பான்? நாம மூணு தலமுறயா சந்தனம் வெக்கிறோம். பாக்கப்போனா இது சந்தனக் கிண்ணம்தான். அவன்தான் தப்பா முட்ட வெச்சிட்டான்."

வேனை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்தபோது நாங்கள் தட்டுகளோடு தயாராக நின்றோம். "நல்ல நேரம் இன்னும் கீதே, இன்னா அவசரம்?" என்றவர் கிண்ணத்தைக் கவனித்துவிட்டார். கையிலெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நம்ம வூட்ல கீற மாதிரியே! முருகனே சேத்து வெச்சிருக்கான்!" சித்தப்பாவுக்கு அப்போது வந்த இருமல் தட்டு மாற்றி முடியும்வரை நிற்கவில்லை.

புவனா கல்யாணமாகிப் போய் ஆறேழு வருஷமாகிறது. எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது எதையாவது மறைத்தால், "இன்னா, லேஸ் ஒட்டிகினு இருக்கியா?" என்றுதான் கேட்போம். சம்பந்திக்கு மட்டும் அந்தக் கேள்வியின் அர்த்தம் இன்றுவரை தெரியாது. தையல்காரி வீட்டில் பெண் எடுத்ததால் வந்த பேச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன கிருத்திகைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். புவனாவின் மகளுக்கு ஐந்து வயது. தாத்தாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, கவிழ்த்துப் பார்த்தாள். (என் ரத்தம்.) பிறகு கேட்டாள்: "தாத்தா, கோழி கீது. முட்ட எங்க?"

சம்பந்தி கண்ணிலிருந்து திருநீற்றைத் துடைத்துக்கொண்டு, பேத்தியின் அறியாமையை மன்னிக்கிறவரைப் போலச் சிரித்தார்.

"இது சேவல்மா. சேவல் எங்கனா முட்ட வெக்குமா?"

நானும் புவனாவும் அவள் மாமியாரும் சித்தப்பாவும் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுக்கு ஓடினோம்.