ஏரியைக் கரையிலிருந்தே பார்க்கலாம்

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. இந்த நாட்டுத் தபால்தலை விலைக்கு எங்கள் ஒருவேளைச் சாப்பாடு முடிந்துவிடும். ஊருக்கு வந்ததும் நானே உன் கையில் கொடுப்பேன். அப்படியானால் நேரிலேயே சொல்லலாமே என்பாய். நேரில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

விமான நிலையத்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “அத்தான், கஞ்சத்தனம் பண்ணி எங்கக்காவ வதைக்காதீங்க. திரும்பி வந்து அவ வாயால நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் நான் வாயத் தொறக்கவே மாட்டேன்” என்றாய். நீ பார்த்து வைத்த சுற்றுலாக் கம்பெனியை நான் வேண்டாமென்று தள்ளிய கோபம் உனக்கு. ஆலைக் கிடங்கில் கையெழுத்தில்லாமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விடாதவன் நான், எனக்கு ஒரு நாட்டைச் சுற்றிக்காட்டத் தெரியாதா?

முதலில் பெட்டி விஷயம். பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்றார்கள், நான் அசரவில்லை, கொண்டுவந்த சட்டைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே கோட்டு, கோட்டுப் பைகளில் காலுறைகள் என்று நடக்கமுடியாமல் நடந்து போனால், சோதனை வாசலில் நின்ற காவலர் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே நின்றேன், பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது, உன் அக்கா யாரோ எவரோ மாதிரி தள்ளிப்போய் நின்றுகொண்டாள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெட்டிக் கட்டணம் மிச்சம்.

தங்குமிடமும் மலிவுதான். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், எல்லாம் அடுக்குக் கட்டில். என் கீழ்க்கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர், அவர் குறட்டையில் மேல்கட்டில் சாலையில் போவதுபோலவே இருக்கிறது. உன் அக்காவின் கூடத்தில் ஓய்வுபெற்ற நர்ஸம்மாக்கள் மூன்று பேர், வேறு ஏதோ தேசம். அவர்கள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் என்னைக் கண்டதும் நாலு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். மரியாதைக்குத்தான்.

வந்த அன்றே அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். நடுவில் ஒரு வெள்ளைப் படகு போய்க்கொண்டிருந்தது. “அதுல ஒரு தடவ போலாங்களா? வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்” என்றாள். “அங்கயும் இதே தண்ணிதான். கரையில நின்னா ஏரியும் தெரியும், படகும் தெரியும். படகுல ஏறிட்டா படகு எப்படித் தெரியும்?” என்று பொறுமையாக விளக்கினேன். மறுநாள் பார்த்தால் அவளுக்கு முழங்கால் வலி.

அன்றிலிருந்து, “நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, எனக்கு அதுவே போதும்” என்று படுத்துவிடுகிறாள். ஒரு ஆள் செலவில் இரண்டு பேர் ஊர் பார்க்கிறோம். நீ விமான நிலையத்தில் அவளிடம் கொடுத்த மருந்துப் பையைக் கையைவிட்டு இறக்குவதே இல்லை. அதில் என்ன மருந்து வைத்தாயோ, சாயங்காலமானால் முகம் பளிச்சென்று ஆகிவிடுகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. இலவசப் பேருந்து ஒன்று நின்றது, ஊரைச் சுற்றிக்காட்டும் என்று ஏறினேன், அது நேரே ஊருக்கு வெளியே ஒரு மரச்சாமான் கடையில் கொண்டுபோய் இறக்கியது, திரும்புகிற வண்டி சாயங்காலம்தானாம், அலுப்பில் அங்கே விற்பனைக்கு வைத்திருந்த மெத்தையில் சற்றுச் சாய்ந்தேன், கண்ணயர்ந்துவிட்டேன், காவலாளி வந்து எழுப்பும்போது ஒரு குடும்பமே என்னைச் சுற்றி நின்று மெத்தையை விலை பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் அனுமதி இலவசம் என்று வரிசையில் நின்று ஒரு கண்காட்சிக்குள் போனேன். உள்ளே முழுக்கப் பழைய தண்ணீர்க் குழாய்கள். ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்து உன் அக்காவிடம் விவரமாகச் சொன்னேன், பாவம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். முகம் வெயிலில் கறுத்திருக்கிறதே என்றேன், கட்டில் ஜன்னலோரம் என்றாள். தலையில் புதிதாக ஓர் ஓலைத்தொப்பி, அறையில் யாரோ விட்டுப்போனதாம். வழிதவறி நான் நடந்தே வந்த அன்று, “ரெண்டாம் நம்பர் டிராம்ல ஏறியிருந்தா வாசல்லயே எறங்கியிருக்கலாமே” என்றாள். படுத்துக்கொண்டே எவ்வளவு கவனிக்கிறாள் பார்.

நாளை மறுநாள் புறப்படுகிறோம். நானில்லாமல் இந்த ஊரில் ஒரு தெருவைக்கூட அவளால் தாண்ட முடியாது, அதனால் பத்திரமாகக் கூட்டிவருவேன். நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. வலியில் மறந்திருப்பாள், விமானத்தில் சொல்லிவிடுவாள். பிள்ளைகளுக்கு என் ஆசியும், உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பும். நீ வாயைத் திறக்காமல் இருக்க இப்போதிருந்தே பழகிக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், காகிதம் வீணாகுமே என்று விட்டுவிட்டேன். இன்று மத்தியானம் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வெள்ளைப் படகு கரையோரமாக வந்தது. கம்பியைப் பிடித்தபடி மூன்று நர்ஸம்மாக்கள், நடுவில் ஓலைத்தொப்பி. உன் அக்கா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை மச்சான், அழுகைதான் வந்தது.

படகு நின்றதும் முழங்கால் வலிக்காரி துள்ளிக் குதித்து இறங்கி வந்தாள். “எத்தனாவது தடவ?” என்றேன். “மூணாவது” என்றாள். மருந்துப் பையில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. “உங்களுக்கும் டிக்கெட் எடுத்துட்டேன், வாங்க. எவ்வளவுன்னு மட்டும் கேக்கக் கூடாது” என்றாள். ஏறினேன். ஏரி நடுவிலிருந்து பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு கண்ணுக்கே தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருக்குங்க” என்றாள்.

ஜெயித்தது நீயா நானா என்று புரியவில்லை. டிக்கெட் விலையை நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. நீ கேட்டுச் சொல்.